சட்டம் சொல்லும் 45 நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதுகாப்புத் தளவாட உற்பத்தியில் சிறு தொழில்முனைவோருக்குக் காத்திருக்கும் வாய்ப்புகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாய்ப்பு இருப்பது உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்ட ஒருவர், செய்து கொடுத்த வேலைக்குப் பணம் வராமல் எப்படி இருக்கிறார் என்பதைச் சென்ற மாதம் நேரில் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

நான் பெங்களூரு ஜாலஹள்ளியில் வசிக்கிறேன். எச்.எம்.டி. தொழிற்சாலையில் 29 ஆண்டுகள் லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டி ஓய்வுபெற்றவன். பக்கத்து வீட்டுப் பையன் ஐ.டி.ஐ.யில் டர்னர் (கடைசல் வேலை) படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். பீன்யா தொழிற்பேட்டையில் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார், தமிழர், ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு அவனை அழைத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன். ஒரே ஸ்டேஷன்தான்.

தகரக் கூரை போட்ட சிறிய கட்டடம். நான்கு இயந்திரங்கள், ஏழு பேர். அவர்களில் மூவர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். உரிமையாளருக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். ராணுவத் தளவாடங்களைப் பராமரிக்கும் இ.எம்.இ. பிரிவில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக 22 ஆண்டுகள் இருந்து, ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். துப்பாக்கியின் உதிரிபாகங்களையும் ஆயுதம் என்றே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கருதுகிறது. அதனால் வாசலிலேயே எங்கள் பெயர், முகவரி, வந்த நேரம் எல்லாம் பதிவேட்டில் ஏறின. கைப்பேசிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

துப்பாக்கி என்றால் எனக்குப் பொதுவாகவே மனம் ஒப்பாது. ஆனாலும் வேலையைப் பார்த்தால் கண் நின்றுவிடுகிறது. அவர் என் உள்ளங்கையில் சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஓர் எஃகுத் துண்டை வைத்தார். ஒரு முனையில் பறவையின் அலகுபோல் வளைவு. பெயர் எக்ஸ்ட்ராக்டர். தோட்டா வெடித்ததும் வெற்றுக்கூட்டை விளிம்பில் கவ்வி வெளியே இழுப்பது இதன் வேலை. அலகு முறிந்தால் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அடுத்த தோட்டா ஏறாது. “அந்த நேரத்தில் ஜவான் கையில் இருப்பது துப்பாக்கி இல்லை ஐயா, வெறும் கம்பு” என்றார். 1999இல் கார்கில் போர் நடந்தபோது அவர் லடாக்கில் பணியில் இருந்தவர். அப்போது நம் ராணுவம் வைத்திருந்த இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின்கள் (தோட்டா அடைக்கும் பெட்டிகள்) கடுங்குளிரில் விரிசல் விட்டதை நாம் செய்தியாகப் படித்தோம். அவர் அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தவர்.

எஃகுக்குப் பதம்தான் எல்லாம். செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கடினம் ஏறும், ஆனால் அடி தாங்காது. மீண்டும் மிதமாகச் சூடேற்றி அந்த விறைப்பைத் தணிக்க வேண்டும். கூடுதலாகத் தணித்தால் அலகு சீக்கிரம் தேயும், குறைவாகத் தணித்தால் முறியும். நான் மைக்ரோமீட்டரை வாங்கி ஆறு துண்டுகளை அளந்தேன். ஒன்றுக்கொன்று மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட வேறுபாடு இல்லை. அவரோ ஆறாவது துண்டின் வளைவுக்குள் நகத்தை ஒருமுறை ஓட்டிவிட்டு, அதைச் சிவப்புப் பெட்டியில் போட்டார். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் வெட்டுளி விட்டுச்சென்ற மயிரிழைக் கோடு எனக்குத் தெரிந்தது. அலகு முறிவது அந்த இடத்தில்தான் தொடங்கும். 29 ஆண்டுகள் லேத்தில் நின்ற நான் அதைத் தவறவிட்டேன். சிவப்புப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. மாலையில் எண்ணி, வெட்டித் துண்டாக்கி, கணக்கெழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இத்தனை ஒழுங்காக நடக்கும் பட்டறையில் எது தவறுகிறது என்றால், பணம். அவரது மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. பில் எண், தேதி, தொகை, கழிந்த நாட்கள். முதல் வரிசையில் 131 நாள். இவரிடம் பாகங்களை வாங்குவது ஒரு பெரிய நிறுவனம். சரக்கில் குறை சொன்னதில்லை, திருப்பி அனுப்பியதும் இல்லை. பணம் மட்டும் வருவதில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு நிறுவனங்களின் பாக்கியை 45 நாளுக்கு மேல் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். முறையிடுவதற்கு மன்றமும் இருக்கிறது. ஏன் முறையிடவில்லை என்று கேட்டேன். “வட்டி கிடைக்கும் ஐயா. அடுத்த ஆர்டர் கிடைக்காது” என்றார். சம்பள நாளில் அவரது ஓய்வூதியம் பட்டறைச் செலவுக்குப் போகிறது.

2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி ஒன்றும் உண்டு. கெடு கடந்த பாக்கியை, சரக்கு வாங்கிய நிறுவனம் கொடுத்து முடித்த ஆண்டில்தான் செலவாகக் கணக்குக் காட்ட முடியும். நல்ல விதிதான். ஆனால் மே மாதத்துப் பில்லை மார்ச் 31க்குள் கொடுத்துவிட்டால் அந்த நிறுவனத்துக்கு வரியில் ஒரு நஷ்டமும் இல்லை. இடைப்பட்ட மாதங்களைச் சிறு பட்டறைதான் சுமக்கிறது.

ஆகவே பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பெரிய நிறுவனங்களுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, அந்த நிறுவனங்கள் தமக்குப் பாகங்கள் தரும் சிறு பட்டறைகளின் பில்களை 45 நாளுக்குள் தீர்த்துவிட்டதாகச் சான்று காட்டினால்தான் அடுத்த தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்தச் சான்றைக் கேட்டு வாங்கும் பொறுப்பு அமைச்சகத்துடையதாக இருக்கட்டும். பயந்துகொண்டிருக்கும் பட்டறைக்காரரைப் புகார் கொடுக்கச் சொல்லாதீர்கள். 2022இல் தொடங்கிய அக்னிபத் ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரப் பணி என்று அறிவிக்கப்பட்டது. மற்றவர்கள் நான்கே ஆண்டுகளில் வெளியே வருகிறார்கள். அவர்களில் கைத்தொழில் தெரிந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ள அந்த ஹவில்தார் தயாராக இருக்கிறார். பின்புறம் இடமும் ஒதுக்கி வைத்திருக்கிறார். இயந்திரம் வாங்கத்தான் பணம் இல்லை. அந்தப் பணம் பில்லாக வெளியே நிற்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டான். முதல் மாதச் சம்பளம் ஒன்றாம் தேதியே கைக்கு வந்தது என்று அவன் அம்மா இனிப்புக் கொண்டுவந்து கொடுத்தார். 131 நாள் பில்லுக்கான பணம் அப்போதும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
ஜாலஹள்ளி, பெங்களூரு