அம்மாவின் தம்ளரில் குறையாத தண்ணீர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டு ஏசி நின்றது. அதற்கப்புறம் நாலு நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அம்மா நன்றாக இருக்கிறாள். மேலே படிக்கும்போது நீ பதறக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. "இங்கேயும் வெயில் கொளுத்துகிறது, ஏசி போன வருஷமே படுத்துவிட்டது, ஃபேன் இருக்கிறது, எனக்கு அது போதும்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். முதலில் படித்தபோது நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது திரும்ப எடுத்துப் படித்தால் அந்த வரியை விட்டு நகர முடியவில்லை. மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு, தனியாள், அறுபத்தெட்டு வயசு, பிரஷர் மாத்திரை. அதனால் நடந்ததை விடாமல் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நின்றது மத்தியானம் மூன்று மணிக்கு. உள்ளே காற்று வருகிறது, ஆனால் குளிர்ச்சி இல்லை. வெளியே இருக்கிற பெட்டி "ம்ம்ம்" என்று முனகும், ஒரு டக் சத்தம், அப்புறம் அமைதி. ஃபில்டரைக் கழுவிப் போட்டேன், அணைத்து வைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே முனகல். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் நாலு நாள் ஆகும் என்றார். இந்த வெயிலில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் பழுதாகிறது, அவரைக் குறை சொல்ல முடியாது.

முதல் நாள் நான் செய்த தப்பு, காற்று வரட்டும் என்று எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தது. வெளியே 42 டிகிரி. உள்ளே அப்போது 34தான் இருந்தது. நானே கதவைத் திறந்து வெயிலை உள்ளே கூப்பிட்டிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் வீடு வெந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. பீரோ கைப்பிடி, கட்டில் விளிம்பு, தலையணை எல்லாமே அப்படித்தான். தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் சுடுகிறது. கான்கிரீட் பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்துவிட்டு ராத்திரியில்தான் அதைக் கக்கும். மேல்மாடியில் இருக்கிற உனக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். பகல் சூட்டை உடம்பு எப்படியோ தாங்கிவிடுகிறது. ராத்திரியிலும் ஓய்வு கிடைக்காவிட்டால்தான் மறுநாள் விழுகிறது.

இரண்டாம் நாளிலிருந்து மாற்றினேன். வெளியே உள்ளேயைவிடச் சூடாக இருக்கும் வரை ஜன்னல் எல்லாம் மூடல். வெளியே தணிந்ததும் எதிரெதிர் ஜன்னல்களை மட்டும் திறந்து, விடியும் வரை அப்படியே. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு பழைய போர்வையைக் கட்டினேன். இது பெரிய வித்தியாசம் காட்டியது. உள்பக்கத் திரையில் பட்டால் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே தடுத்தால்தான் தடுத்தது. இன்னொன்று, பேரன் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து முன்னால் உட்கார்ந்துகொண்டான். பாவம், குழந்தை. ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துப் பின்பக்கமாக அதே அறையில்தான் விடுகிறது, அறை இன்னும் சூடாகும் என்று சொல்லிப் புரியவைத்தேன். பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி அவன் காலை அதில் வைக்கச் சொன்னேன். அது பலித்தது.

சரி, இப்போது அம்மா.

அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் காலையில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பேன். இரண்டாம் நாள் மத்தியானம் எட்டிப் பார்த்தபோதும் அது நிறைந்தே இருந்தது. குடித்துவிட்டு மறுபடி ஊற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணிக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தண்ணீரின் மேல் மெல்லிய தூசி மிதக்கிறது, ஒரு சின்னப் பூச்சி விழுந்து கிடக்கிறது. காலையில் வைத்த அதே தண்ணீர். "ஏம்மா குடிக்கவில்லை?" என்றேன். "தாகமே எடுக்கலைடா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "பையன் ஸ்கூல்லேர்ந்து வந்துட்டானா?" என்று கேட்டாள். என்னை அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. அம்மாவின் நெற்றி கொதித்தது. கைக்கு முதலில் வந்தது காய்ச்சல் மாத்திரைதான். நல்லவேளை, அதைக் கொடுக்கும் முன் மருமகள் ஆம்புலன்ஸுக்கு அடித்துவிட்டாள். எதிர்முனையில் இருந்தவர்கள் சொல்லச் சொல்லச் செய்தோம். கனமான துணியை எடுத்துவிட்டு, உடம்பு முழுக்கத் தண்ணீரால் நனைத்து, ஃபேனை நேராகத் திருப்பி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் துணியில் சுற்றிய ஐஸ் வைத்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 39 டிகிரி. டிரிப் ஏற்றி ஒரு ராத்திரி குளிர்ந்த வார்டில் வைத்திருந்தார்கள். விடிகாலையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது.

டாக்டர் சொன்னதை உனக்காக அப்படியே எழுதுகிறேன். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வியர்த்து ஒழுகுவது, இவையெல்லாம் முதல் எச்சரிக்கை. நிழலுக்குப் போய்ப் படுத்து, உடம்பை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் தெளியும். பேச்சு குழறினால், ஆள் அடையாளம் மாறினால், மயங்கினால், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பாதிக்கப்படும். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. காய்ச்சலில் மூளையே சூட்டை ஏற்றி வைக்கிறது, மாத்திரை அதை இறக்குகிறது. இங்கே சூடு வெளியிலிருந்து வந்து ஏறியது, அதைத் தண்ணீரும் காற்றும்தான் இறக்க வேண்டும்.

வயசானால் தாக உணர்ச்சியே மங்கிவிடுமாம். வியர்ப்பதும் குறைந்துவிடுமாம். அம்மா பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அவளுக்குத் தாகம் தெரியவில்லை. உனக்கும் எனக்கும் அந்த வயசு வந்துகொண்டிருக்கிறது. தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று இருக்காதே, மணியைப் பார்த்துக் குடி. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். நிறைய வியர்த்த நாளில் வெறும் தண்ணீரோடு உப்புச் சர்க்கரைக் கரைசலும் வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அதைத் தாண்டக் கூடாது. உனக்குப் பிரஷர் இருப்பதால் இதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே குடி.

உன் ஃபேன் விஷயத்துக்கு வருகிறேன். நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. அறை அதைவிடக் குளிர்ந்திருக்கும் வரை ஃபேன் காற்று உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அறை அதைத் தாண்டிவிட்டால் ஃபேன் உன் மேல் சூட்டைத்தான் வாரி இறைக்கிறது. அப்போது உன்னைக் காப்பாற்றுவது வியர்வை உலர்வது ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே உலர்ந்தால் அது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், ஏறக்குறைய 58 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி சூடாக்கும் அளவு. அவ்வளவு வலு அதற்கு. ஆனால் வியர்வையே குறைவாக வரும் வயசில் என்ன செய்வது? வெளியிலிருந்து தண்ணீரைக் கொடுக்க வேண்டும். கை, கழுத்து, முகம், பாதம் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு ஃபேன் முன்னால் உட்கார். உலர்ந்ததும் மறுபடி நனை. வெறும் ஃபேனுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அறை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேனே உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த நேரத்தில் வேறு குளிர்ந்த இடத்துக்குப் போவதுதான் வழி. காற்று ஈரமாகப் புழுங்குகிற நாளில் இன்னும் கவனம், வியர்வை உலராமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் அதனால் பிரயோஜனம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் அறைக்குள் ஈரத்துணி தொங்கவிட்டால் புழுக்கம்தான் கூடும். காற்று காய்ந்திருக்கும் நாளுக்குத்தான் அது சரி.

ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தூக்கம் வராமல் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். 1995 ஜூலையில் சிகாகோவில் சில நாள் வெயிலில் 700 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். நிறையப் பேர் வயசானவர்கள், தனியாக இருந்தவர்கள். 2021 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 619 பேர். அது வழக்கமாகக் குளிரான ஊர்ப்பக்கம், லிட்டன் என்ற சின்ன ஊரில் 49.6 டிகிரி அடித்தது. அந்த 619 பேரில் 98 சதவீதம் பேர் வெயிலில் நின்று விழவில்லை, வீட்டுக்குள்தான். மூன்றில் இரண்டு பங்கு பேர் 70 வயசோ அதற்கு மேலோ. பாதிக்கு மேல் தனியாக வாழ்ந்தவர்கள்.

அதைப் படித்ததும் எனக்கு உன் முகம்தான் வந்தது. அம்மாவுக்கு நான் இருந்தேன், தம்ளரைப் பார்க்க ஒரு ஆள் இருந்தது. அப்படியும் ஒரு முழுப் பகல் தவறவிட்டேன். உன் தம்ளரை யார் பார்ப்பார்கள்? குழப்பம் வந்துவிட்டால் குழம்புகிறவருக்கு அது தெரியாதுடா. அம்மா கடைசி வரை "எனக்கு ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் மெக்கானிக் வந்தார். வெளிப்பெட்டியைத் திறந்து, விரல் நீளத்துக்கு உருளையாக இருந்த ஒன்றைக் காட்டினார். கெப்பாசிட்டர். தட்டையாக இருக்க வேண்டிய அதன் தலை ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. கம்ப்ரசருக்கு உதை கொடுத்துக் கிளப்புவது அதுதானாம். அது போனால் முனகல் மட்டும்தான் மிச்சம். வெளியே 42 டிகிரி இருக்கும்போது வீட்டுச் சூட்டை அந்தக் காற்றிலேயே தள்ள வேண்டியிருப்பதால் கம்ப்ரசர் திணறி அதிக மின்சாரம் இழுக்கும், கரண்டும் அந்த நேரத்தில் குறைவாக வரும், எல்லாச் சூடும் சேர்ந்து பலவீனமான பாகத்தைத்தான் முதலில் சாய்க்கும் என்றார். இருபது நிமிஷத்தில் புதுசு மாட்டிவிட்டார். மின்சாரத்தை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், நீங்களாகத் திறக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். உனக்கும் சொல்கிறேன், கை வைக்காதே. இதற்கு முன்னால் போனில் பேசிய வேறொருவர் பார்க்காமலேயே "கேஸ் தீர்ந்திருக்கும், ஏத்திடலாம்" என்றிருந்தார். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்கிற பொருள் இல்லை, உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது. உன் ஏசியைப் பார்க்க வருகிறவர் கேஸ் என்றால், கசிவை அடைத்தீர்களா என்று கேள்.

அச்சகத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நீ, இது உனக்குப் பிடிக்கும். 1902ல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏசியை வடிவமைத்தது மனிதர்களுக்காக இல்லை, நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக. காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காரவில்லை. மழை நாளில் ரிஜிஸ்டர் விலகுகிறது என்று நீ ராத்திரியெல்லாம் மல்லுக்கட்டுவாயே, அதே தொல்லைதான். காகிதத்துக்கு அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன் நீ. உன் உடம்புக்கும் அதைச் செய்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஏசியைச் சரிபார்க்க இந்த வாரமே ஆளைக் கூப்பிடு. உன் பிரஷர் மாத்திரையில் சிறுநீரை அதிகமாகப் போகவைக்கிற மருந்து இருக்கிறதா, வெயில் நாளில் அளவு மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். நீயாக எதையும் நிறுத்தாதே. அம்மாவுக்கு அந்த மாத்திரைதான் நிலைமையை மோசமாக்கியது என்றார்கள். அறையில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி வை. கீழ் வீட்டுக்காரர் நல்ல மனுஷர் என்று எழுதியிருந்தாய், ரொம்பச் சுடுகிற ராத்திரியில் அவர் வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ படுக்க இடம் கேள். கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. நீ கேட்கமாட்டாய் என்று தெரியும், அதனால் அவரிடம் நானே பேசுகிறேன், நம்பர் அனுப்பு.

அப்புறம், இந்த வெயில் தணியும் வரை தினமும் காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் போன் செய்வேன். இரண்டு நிமிஷம் போதும். எடுக்காவிட்டால் பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடிப்பேன், அப்போதும் எடுக்காவிட்டால் கீழ் வீட்டுக்காரரை மேலே அனுப்புவேன். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள், சொன்னேன். தம்ளரை எடுத்து இரண்டு வாய் குடித்துவிட்டு, "அவன் தண்ணி குடிக்கிறானான்னு கேட்டு எழுது" என்கிறாள்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்