அப்ரேயு கதைய படிச்சிட்டு அப்புறம் பேசு

தம்பி,

போன்ல சொன்னா "சரிப்பா சரிப்பா"ன்னு வெச்சிடுவ, அதான் டைப் பண்றேன். பிராக்டிஸ் முடிஞ்சு ரூமுக்கு வந்து, சாப்ட்டு, காலுக்கு ஐஸ் வெச்சிட்டு உக்காருவ இல்ல, அப்ப படி. தப்பு தப்பா இருந்தாலும் நீயே புரிஞ்சுக்க, இந்த போன்ல தமிழ் அடிக்கறதுக்குள்ள எனக்கு விரலே வலிக்குது.

உங்கம்மாகிட்ட சொன்னியாமே, "எந்த கிளப்பும் என்ன ஒரு சீசனுக்கு மேல வெச்சுக்க மாட்டேங்குது, நான் அவ்ளோதான் போல"ன்னு. அவ அதையே புடிச்சிக்கிட்டு காலைல காபி குடுக்கும்போது கேக்கறா, ராத்திரி லைட் ஆஃப் பண்ணும்போது கேக்கறா. இதுல உங்க சித்தப்பா வேற, ஒரு கல்யாணத்துல நாலு பேரு முன்னாடி "பையன் இப்ப எந்த ஊரு டீமு, போன தடவ வேற ஊரு சொன்னீங்களே"ன்னு இழுக்கறாரு. நான் பாயசத்த குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன். அவருக்கு என்ன தெரியும் ஃபுட்பால பத்தி.

உனக்கு செபாஸ்டியன் அப்ரேயு ஞாபகம் இருக்கா? உருகுவே ஸ்டிரைக்கர், 13-ம் நம்பர் ஜெர்சி, நீள முடி, தலைல பட்டை, ஆறடி நாலு அங்குலம் இருப்பான். லோகோ, அதாவது லூசுன்னு அவங்க ஊர்லயே பட்டப்பேரு. அந்த ஆளு ஆடுன கிளப் எத்தன தெரியுமா, 31. நாடு 11. 90கள்ல டிஃபென்சார்னு மான்டிவிடியோ கிளப்ல ஆரம்பிச்சவன் 2021 ஜூன்ல, 44 வயசுல, அதே ஊர்ல சுட் அமெரிக்கான்ற சின்ன கிளப்ல முடிச்சான். நடுவுல அர்ஜென்டினா, ஸ்பெயின், பிரேசில், மெக்சிகோ, இஸ்ரேல், கிரீஸ், ஈக்வடார், பராகுவே, எல் சால்வடார், சிலி. 2017 கடைசில சிலில ஆடாக்ஸ் இத்தாலியானோல சேர்ந்தப்பவே 26-வது கிளப், கின்னஸ்ல பேரு வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி அந்த ரெக்கார்ட வெச்சிருந்தது ஃபானென்ஸ்டீல்னு ஒரு ஜெர்மன் கோல்கீப்பர், 25 கிளப். கீப்பருக்காவது எங்க போனாலும் அதே வேல. ஸ்டிரைக்கர் அப்டி இல்லையேடா, ஒவ்வொரு ஊர்லயும் புதுசா ஒருத்தன் கிராஸ் போடுவான், அவன் முன்னாடி போடுவானா பின்னாடி போடுவானான்னு தெரிஞ்சுக்கறதுக்குள்ள பாதி சீசன் ஓடிடும். உனக்கு நான் சொல்லணுமா.

இத சொன்னா நீ உடனே "அப்பா அவன் வேர்ல்ட் கப் பிளேயர், நான் யாரு"ன்னுவ. இரு, முழுசா கேளு. 31 கிளப்னு கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க, ஆனா அது ஏன் அப்டி ஆச்சுன்னு யாரும் பாக்கறதில்ல, அங்கதான் விஷயமே இருக்கு.

உருகுவேல மொத்த ஜனமே சுமார் 35 லட்சம்தான். அந்த ஊரு கிளப்புங்களுக்கு டிவி பணம், டிக்கெட் பணம்லாம் பத்தவே பத்தாது, பையன வளத்து வெளியூருக்கு வித்தாதான் கரன்ட் பில்லே கட்ட முடியும். அதனால நல்லா ஆடுற எவனும் அங்க தங்க மாட்டான், தங்கவும் விட மாட்டாங்க. அப்ரேயு அங்கேர்ந்து அர்ஜென்டினா சான் லோரென்சோவுக்கு போனான், கோல் அடிச்சான், 1998-ல ஸ்பெயின் டிபோர்டிவோ லா கொருன்யா வாங்கிடுச்சு. அப்ப அது பெரிய டீமு, ரெண்டு வருஷத்துல லீக்கே ஜெயிச்ச டீமு. ஆனா இவனுக்கு அங்க செட் ஆகல. கொஞ்ச மேட்ச்தான் ஆட விட்டாங்க, அப்புறம் வேற கிளப்புக்கு கடனா அனுப்பற லோன், லோன், மறுபடியும் லோன். கிரேமியோ, டெகோஸ், திரும்ப சான் லோரென்சோ, நாசியோனால், குருஸ் அசுல். கான்ட்ராக்ட் பேப்பர் ஸ்பெயின்ல, ஆளு மட்டும் பெட்டிய தூக்கிட்டு கடல் தாண்டி கடல். அந்த நேரத்துல அவன் என்ன நெனச்சிருப்பான்? வாங்குன கிளப்பே நம்மள வேணாம்னு சொல்லுதேன்னு நெனச்சிருக்க மாட்டானா?

ஆனா பாரு, அதே லோன் காலத்துலதான் 2001-ல சான் லோரென்சோவோட சேர்ந்து லீக் ஜெயிக்கறான், பெல்லெக்ரினி கோச்சு. 2002-ல மெக்சிகோல குருஸ் அசுலுக்கு ஒரே டோர்னமென்ட்ல 19 கோல், டாப் ஸ்கோரர். அதே வருஷம் வேர்ல்ட் கப் டீம்லயும் இருக்கான்.

இன்னொரு விஷயம். மெக்சிகோலயும் அர்ஜென்டினாலயும் அப்பல்லாம் வருஷத்துக்கு ரெண்டு சாம்பியன், ஆறு மாசத்துக்கு ஒரு டோர்னமென்ட். ஆறு மாசத்துல எல்லாம் முடிஞ்சிடும், கோச்ச மாத்துவாங்க, வர்றவன் அவனுக்கு புடிச்ச ஆளுங்கள கொண்டு வருவான். கோல் வேணும், உடனே வேணும், அடுத்த வருஷம்லாம் யாரு பாத்தா. அதுக்கு அப்ரேயு மாதிரி ஆளு தேவைப்படும். இடது காலும் தலையும்தான் அவன் சொத்து, ஓட்டம் கிடையாது, டிரிபிளிங் கிடையாது, பாக்ஸ்ல நின்னா கோல். மெக்சிகோல மட்டும் ஏழு கிளப் ஆடிருக்கான். ஏழு பேரும் விட்டாங்கன்னு உங்க சித்தப்பா சொல்லுவாரு, நான் ஏழு பேரும் கூப்ட்டாங்கன்னு சொல்றேன். ஒருத்தன் கிளப்ல அவன் எப்டி ஆடுனான்னு பக்கத்து கிளப்காரனுக்கு தெரியும்லடா, டெய்லி எதிர்ல நின்னு பாக்கறானே, ஏமாந்து போயா ஏழு தடவ கையெழுத்து வாங்குவான்?

அந்த ஏழுல ஒண்ணு டொராடோஸ், சினலோவா பக்கம், சின்ன டீமு. 2006-ல அங்க இவன்கூட யாரு ஆடுனாங்க தெரியுமா, பெப் கார்டியோலா. ஆமா, பின்னாடி பெரிய கோச்சா ஆன அதே பெப். பார்சிலோனால எல்லா கப்பும் தூக்கிட்டு கடைசி காலத்துல லில்லோன்ற கோச்சுகிட்ட கத்துக்கணும்னு அந்த சின்ன ஊருக்கு வந்தான். அந்த வருஷம் டொராடோஸ் டிவிஷன்லேர்ந்தே கீழ எறங்கிடுச்சு, அது வேற கத. லில்லோதான் பின்னாடி மான்செஸ்டர் சிட்டில பெப்புக்கு அசிஸ்டென்ட்டா இருந்தவன். எந்த மொட்ட ஊரு டிரெஸ்ஸிங் ரூம்ல யாரு உக்காந்திருப்பான்னு சொல்ல முடியாது. உன் டீம்ல அந்த வயசான மிட்ஃபீல்டர் ஒருத்தர் இருக்காருன்னியே, அவரு பக்கத்துலயே உக்காரு, ஹெட்போன கழட்டி வெச்சிட்டு.

சும்மா எல்லாம் நல்லதாவும் சொல்ல மாட்டேன். அப்ரேயு போன எல்லா எடமும் வெளங்கிடல. 2008-ல ரிவர் பிளேட்டோட அர்ஜென்டினா லீக் ஜெயிச்சான், சிமியோனி கோச்சு, ஊரே கொண்டாடுது, அதே வருஷம் ஜெருசலேம் போனான், பெய்ட்டார் கிளப், போன வேகத்துல திரும்பி வந்துட்டான். 2009-ல ரியல் சோசியடாட், அது அப்ப செகண்ட் டிவிஷன். அப்புறம் கிரீஸ், அதுவும் கொஞ்ச காலந்தான். 32, 33 வயசு. அந்த வருஷத்த மட்டும் பாத்தா எவனும் முடிஞ்சான்னுதான் சொல்லுவான். ஆனா 2009 நவம்பர்ல கோஸ்டா ரிகாவோட பிளே-ஆஃப், மான்டிவிடியோல 1-1, உருகுவேக்கு கோல் போட்டது இவன்தான், அதோடதான் வேர்ல்ட் கப் உள்ள போனாங்க. 2010 ஆரம்பத்துல பிரேசில் போட்டாஃபோகோ கூப்டுது.

இதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம். போட்டாஃபோகோவ ஃபிளமெங்கோ மூணு வருஷம் வரிசையா ரியோ மாநில ஃபைனல்ல தோக்கடிச்சிருக்கு, 2007, 2008, 2009. 2010 ஏப்ரல்ல மறுபடியும் அதே ஃபிளமெங்கோ, அதே மரக்கானா, 1-1. பெனால்டி கெடைக்குது. அப்ரேயு ஓடி வந்து அடிக்கல, அடியில கொத்தி மெதுவா நடுவுல தூக்கி விட்டான், கீப்பர் ஒரு பக்கம் பாஞ்சிட்டான், பால் கிராஸ்பார்ல பட்டு உள்ள விழுந்துச்சு. அதே மேட்ச்ல ஃபிளமெங்கோவுக்கு கெடச்ச பெனால்டிய அட்ரியானோ அடிக்க இவங்க கீப்பர் ஜெஃபர்சன் புடிச்சிட்டான். 2-1, கப்பு. அந்த பால் ஒரு அங்குலம் மேல போயிருந்தா இன்னிக்கும் போட்டாஃபோகோக்காரன் அவன திட்டிட்டு இருப்பான். இந்த அடிய பனேன்கான்னு சொல்லுவாங்க, உனக்குத் தெரியும், 1976 யூரோ ஃபைனல்ல செக்கோஸ்லோவாக்கியாவோட பனேன்கா மேற்கு ஜெர்மனி கீப்பர் செப் மையருக்கு எதிரா அடிச்சது. அந்த வருஷந்தான் அப்ரேயுவும் பொறந்தான்.

ரெண்டரை மாசம் கழிச்சு, ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க். இது நீயும் நானும் சேர்ந்து பாத்தது, நமக்கு நடு ராத்திரி 12 மணிக்குத்தான் மேட்சே ஆரம்பிச்சது, உங்கம்மா ரெண்டு தடவ எழுந்து வந்து டிவி சவுண்ட கொறைக்க சொன்னா. கானா 1, உருகுவே 1. எக்ஸ்ட்ரா டைம் கடைசி நிமிஷம், கோல் லைன்ல உருகுவேயோட சுவாரெஸ் கையால தட்டுனான், ரெட் கார்டு, பெனால்டி, கானாவோட க்யான் அடிச்சது பார்ல பட்டு மேல போச்சு. நீ தலைகாணிய தூக்கி அடிச்ச, நீ கானா கட்சி. அப்புறம் ஷூட்-அவுட். அதே க்யான் முதல் ஆளா வந்து உள்ள அடிச்சான் பாரு, அந்த தைரியத்த யாரும் பேசறதே இல்ல. கானாவோட மென்சா அடிச்சத உருகுவே கீப்பர் முஸ்லேரா புடிச்சான், உருகுவேல மாக்ஸி பெரெய்ரா மேல தூக்கி அடிச்சான், அடியா அடிச்சதையும் முஸ்லேரா புடிச்சான். இப்ப அப்ரேயு போட்டா செமி ஃபைனல், உருகுவே 1970-க்கு அப்புறம் அந்தப் பக்கமே போனதில்ல. ரெண்டாவது பாதில கவானிக்கு பதிலா சப்பா எறங்குனவன். நிதானமா நடந்து வந்தான், பால வெச்சான், கொஞ்சம் பின்னாடி போனான். ஓடி வந்து அதே கொத்து. கானா கீப்பர் கிங்சன் பாஞ்சு தரைல கெடக்கான், பால் அவசரமே இல்லாம நடுவுல போய் எறங்குது. வீட்ல ரெண்டு பேருக்கும் ஒரு செகண்டு பேச்சே வரல, அப்புறம் நீ கேட்ட "அப்பா இவன் லூசா"ன்னு.

லூசு இல்லடா. அந்த நேரத்துல அவன் எத்தன கிரவுண்டுல, எத்தன கூட்டத்துக்கு முன்னாடி, புதுசா வந்தவன்னு மொறச்சு பாக்கற எத்தன பேருக்கு முன்னாடி நின்னு அடிச்சிருப்பான். தெரியாத ஊர்ல நிக்கறது அவனுக்கு தெனப்படி வேல. ஒரே எடத்துல பத்து வருஷம் பத்திரமா இருந்தவனுக்கு அந்த கால் வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகந்தான். என்னையே எடுத்துக்க. ஸ்போர்ட்ஸ் கோட்டால வேல, ஒரே ஆபீஸ், ஒரே ஜெர்சி, சாயங்காலம் நாலு மணிக்கு பிராக்டிஸ் பர்மிஷன், நேரு ஸ்டேடியத்துல லீக் மேட்ச். எனக்கு அது போதும்னு இருந்துச்சு, வீடு கட்டுனேன், உங்களப் படிக்க வெச்சேன், கொற ஒண்ணும் இல்ல. ஆனா பெனால்டி வந்தா நான் பின்னாடி திரும்பி யாரு அடிக்கறதுன்னு பாக்கற ஆளு. (நீ மட்டும் அந்த கொத்து வேல எதுவும் பண்ணித் தொலைக்காத, உங்க கோச் தோல உரிச்சிடுவாரு. கார்னர்ல அழுத்தி அடி.)

அவன் அதோடயும் நிக்கல. 2011-ல கோபா அமெரிக்கா ஜெயிச்ச டீம்ல இருந்தான். உருகுவேக்கு 70 மேட்ச், 26 கோல். அப்புறம் கால் கனத்து, பெரிய கிளப் கூப்பிடறது நின்னப்புறமும் போனான் பாரு, அதான் எனக்கு ஆச்சரியம். எல் சால்வடார்ல சான்டா டெக்லா. சிலில செகண்ட் டிவிஷன்ல புவேர்ட்டோ மான்ட். பிரேசில்ல நம்ம கேள்வியே படாத ஊருங்க. நாசியோனால்தான் அவன் சின்ன வயசுலேர்ந்து உயிரா நெனச்ச கிளப், நடு நடுவுல அங்க மட்டும் திரும்பத் திரும்ப வந்து ஆடிட்டு போவான். மத்த எடத்துல எல்லாம் ஜெர்சி கலர் மாறும், அனேகமா முதுகுல அதே 13.

இப்ப உன் விஷயம். அந்த டிபார்ட்மென்ட் வேல அப்ளிகேஷன் பத்தி உங்கம்மா சொல்றதுல தப்பே இல்ல, அவளுக்கு நீ பக்கத்துல இருக்கணும், வேளைக்கு சாப்டணும், அவ்ளோதான். நீ போகணும்னு முடிவு பண்ணா நானே ஃபார்ம் வாங்கி ஃபில்லப் பண்ணி தரேன், அதுல கேவலம் எதுவும் இல்ல, இந்த வீடே அந்த வேலைல வந்ததுதான். ஆனா "என்ன யாரும் வெச்சுக்கல"ன்னு சொல்லிட்டு மட்டும் போகாத. அது உண்மையும் இல்ல. போன கிளப்ல கோச்ச மாத்துனாங்க, அதுக்கு முந்தின கிளப்ல ஸ்பான்சர் போயிட்டான், சம்பளமே ஒழுங்கா வரல, உன்ன மட்டுமா விட்டாங்க, பாதி டீமையே விட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அடுத்த சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள வேற ஒருத்தன் போன் பண்ணானா இல்லையா? அத ஏன் கணக்குல எடுக்க மாட்டேங்கற?

ஜனவரி விண்டோல, அந்த கிளப் மாத்திக்கற டைம்ல, வேற கிளப் பேசுதுன்னு சொன்னியே, ஏஜென்ட் சொல்றான்னு அவசரப்பட்டு தலையாட்டாத. ஒரே சீசன்ல மூணு கிளப் வரைக்கும் ரிஜிஸ்டர் பண்ணலாம், ஆனா ஆடறது ரெண்டு கிளப்புக்குத்தான், ஃபிஃபா ரூல் அது. ஆகஸ்டுல அந்த ஒரு மேட்ச் சப்பா எறங்குனியே பழைய கிளப்புக்கு, அதையும் சேர்த்துத்தான் எண்ணுவாங்க, அப்ப இந்த சீசன்ல உனக்கு இப்ப ஆடுறதே ரெண்டாவது. மூணாவது கிளப்ல சேர்ந்துட்டு பெஞ்சுல கூட உக்கார முடியாம கேலரில உக்காராத. ஏஜென்ட்டுக்கு இது தெரியாம இருக்காது, கமிஷன் வந்தா போதும்னு கம்முனு இருப்பான்.

எந்த பேப்பர் வந்தாலும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, சின்ன எழுத்துல இருக்கறதையும் சேர்த்து. பூட் கிழிஞ்சிடுச்சுன்னு தங்கச்சிகிட்ட சொல்லிருக்க, என்கிட்ட சொல்ல மாட்டியா? ஜிபேல போட்டுருக்கேன், நல்லதா வாங்கு, விலைய பாக்காத. அம்மா பருப்புப் பொடியும் எலுமிச்ச ஊறுகாவும் கட்டி வெச்சிருக்கா, உங்க டீம்ல அந்த கேரளா பையன் லீவு முடிஞ்சு சென்னை வழியாத்தான் திரும்பறான்னியே, அவன் எந்த டிரெயின், எந்த கோச்னு கேட்டு சொல்லு, சென்ட்ரல்ல போய் குடுத்துட்டு வந்துடறேன்.

அப்பா