ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு: பேனா விஷயம்
எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகள் யூஸ் அண்ட் த்ரோ பேனாவைப் பாக்கெட் பாக்கெட்டாகக் கொண்டுவருகிறார்கள், மை தீரும் முன்பே பாதி பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை, ஆனால் அந்தப் பட்டியலில் பேனா இல்லை. பழைய பொருள் வாங்குபவரும் இதைச் சீண்ட மாட்டார், ஏனென்றால் குழாய் ஒரு பிளாஸ்டிக், மூடி வேறொன்று, முனை உலோகம், நுனியில் உருளும் குண்டு பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு, உள்ளே ஒட்டிய மை வேறு. இத்தனையையும் பிரிக்கிற கூலிக்கே கட்டாது. அப்புறம் என்ன, குப்பையோடு சேர்ந்து எரியும், இல்லையென்றால் சாக்கடையை அடைக்கும்.

அதனால் வரும் திங்கள் முதல் மை பேனா அல்லது ரீஃபில் மாற்றும் பேனா மட்டும். புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, வீட்டில் தாத்தாவின் பழைய பேனா கிடந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிப் பாருங்கள், பல சமயம் எழுதும். ஜெல் பேனாதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சரி, ரீஃபில் தனியாகக் கிடைக்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மை பாட்டிலைப் பையில் அனுப்ப வேண்டாம், வகுப்பு அலமாரியில் இருக்கும். சட்டையில் மை பட்டால் தயவுசெய்து திட்டாதீர்கள்.