வாசகர் வட்டம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் அவர்கள் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானதையடுத்து, திருவல்லிக்கேணியில் நாம் நடத்திய அஞ்சலிக் கூட்டம், அவருடைய எழுத்தை ஒரே மாலையில் பேசி முடிக்க இயலாது என்பதை உணர்த்தியது. எனவே ஆண்டின் எஞ்சிய மாதக் கூட்டங்களையும் அவருக்கே ஒதுக்கச் செயற்குழு முடிவு செய்தது. மர்ம நாவல்களுக்கு இத்தனை கூட்டங்கள் வேண்டுமா என்று மூத்த உறுப்பினர் சிலர் கேட்டனர். கேட்டவர்கள்தாம் பிறகு ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

1958இல் பிறந்த அவர் மாத நாவல், வார இதழ்த் தொடர், தொலைக்காட்சி என மூன்று துறைகளிலும் இடைவிடாது எழுதியவர். சன் தொலைக்காட்சியில் நாகா இயக்கத்தில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த 'மர்மதேசம்' தொடர்கள் 1990களில் அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. அவற்றுள் 'விடாது கருப்பு' பற்றியே விவாதம் நீண்டது. ஊரில் தப்பு செய்தவர்களைக் குதிரையேறி வந்து கருப்பசாமி தண்டிக்கிறார் என்று மக்கள் நம்ப, அதே நிகழ்வுகளுக்கு மனநோய் சார்ந்த விளக்கம் ஒன்றும் கதைக்குள்ளேயே வளர்கிறது. குற்றவாளி யார் என்பது தெரிந்த பின்னும் சாமி உண்டா இல்லையா என்ற வழக்கு தீர்வதில்லை. துப்பறியும் கதையின் கணக்கையும் கிராம தெய்வத்தின் அச்சத்தையும் ஒருங்கே காப்பாற்றிய இந்த உத்தியே அவருடைய தனிச் சாதனை என்பது என் கருத்து. 'ரகசியம்' தொடரில் வரும், ஒன்பது நச்சுப் பொருள்களின் கலவையாலான நவபாஷாண லிங்கமும், ஆண் வாரிசுகள் முப்பது வயதைத் தாண்டாத 'கோட்டைப்புரத்து வீடு' நாவலின் சாபமும் இந்த வழியில் வந்தவையே.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். மாதாமாதம் எழுதிக் கொடுக்க வேண்டிய நெருக்கடி பல நாவல்களின் கடைசி அத்தியாயத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. முன்பாதியில் நிதானமாக அவிழும் முடிச்சு, பக்கம் தீர்ந்துபோனதால் பாத்திரம் ஒன்றின் வாயாலேயே மளமளவென்று விளக்கப்பட்டுவிடுகிறது. ஆயினும் சென்னைப் பதிப்பகமான பிளாஃப்ட் 2008இலும் 2010இலும் வெளியிட்ட தமிழ் வெகுஜனக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்புகள் இரண்டிலும் அவருக்கு இடம் கிடைத்தது.

நம் நூலகத்துக்கு உறுப்பினர்கள் அன்பளித்த மாத நாவல்களின் நிலைதான் கவலை தருகிறது. மட்டமான தாளில் அச்சானவை. ஊக்கு துருப்பிடித்து நடுப்பக்கங்கள் கழன்று வருகின்றன. ஒரு பிரதியில் வாடகை நூல் நிலையத்தின் ஊதா முத்திரைக்கு அருகே, கொலையாளியின் பெயரை யாரோ முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை அழிக்க வேண்டாம் என்று நூலகப் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். படித்தவர்களின் குறும்பும் ஆவணம்தானே. இவற்றைப் பைண்டு செய்வதா, பழைய தமிழ் அச்சு நூல்களைப் பாதுகாக்கும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகுவதா என்பதை இப்பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும். பைண்டிங் செலவுக்கான மதிப்பீட்டைப் பொருளாளர் தம் கணக்குடன் சமர்ப்பிப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்