பசி போனது யார் குற்றம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் புற்றுநோயாளிகளுக்கான சத்துணவுக் குறிப்புகளைப் படித்தேன். முட்டை, சுண்டல், பாதாம் பால், எல்லாம் சரி. வாயில் வைத்தாலே குமட்டுகிறவர் அதை எப்படிச் சாப்பிடுவார் என்று ஒரு வரிகூட இல்லை.

என் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். 2022இல், ஆறே மாதத்தில் 64 கிலோவிலிருந்து 47 கிலோவுக்கு இறங்கிவிட்டார். ரசம் தாளிக்கிற வாசனைகூட அவருக்கு ஆகாது. அம்மா விடமாட்டார். ஊட்டுவார், கெஞ்சுவார், கடைசியில் அழுவார். அம்மாவுக்காக வாயில் வாங்கிக்கொண்ட இட்லியை அப்பா துண்டில் துப்பி, மடித்து வைத்துக்கொள்வார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "கவனிப்பு பத்தலையோ" என்று அம்மாவின் காதுபடவே பேசினார்கள்.

கவனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. நோய் முற்றும்போது உடம்பில் கிளம்பும் அழற்சி மூளையிலேயே பசியை அடக்கிவிடுகிறதாம், தசையையும் கரைக்கிறதாம். கெக்கெக்சியா என்று பெயர். சாப்பாட்டைக் கூட்டுவதால் மட்டும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது என்று 2011இலேயே பன்னாட்டு நிபுணர்கள் கூடி வரையறுத்துவிட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று நாங்களும் அடம்பிடித்தோம். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்து ஸ்பூன், அவ்வளவுதான்.

ஒன்றுமே செய்ய முடியாது என்றும் இல்லை. நம் பக்கத்துப் புதுச்சேரி ஜிப்மரிலேயே, கீமோ எடுத்துக்கொண்டிருந்த இரைப்பை, கணைய, நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு ஓலன்சபின் என்ற மருந்தை தினம் 2.5 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வந்த முடிவில், 58 பேரில் 35 பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட 54 பேரில் 5 பேருக்குத்தான். மனநல மருந்து அது, டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆனால் இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாதே!

அப்பாவைப் பார்த்த மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் எடையைச் சரியாகக் குறித்தார்கள். ஏன் குறைகிறது என்று அம்மாவை உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேச யாருமில்லை. அடுத்த கட்டுரையையாவது சமைத்துப் போடுகிறவர்களுக்காக எழுதச் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நாளில் அப்பா தானாக வாய்விட்டுக் கேட்டது ஒரு குச்சி ஐஸ். சளி பிடிக்கும் என்று நாங்கள் வாங்கித் தரவில்லை.

ஒரு வாசகி,
விருத்தாசலம்