கதைக் கருவை ஒளித்து வைக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் குறும்படம் எடுக்கத் துடிக்கும் இளையோர் பலர், கதை களவு போய்விடும் என்றஞ்சி எவரிடமும் வாய் திறப்பதில்லை. அந்த அச்சத்தை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுதப்பட்ட பிரதியைக் காக்கிறதேயன்றி, வெறும் எண்ணக் கருவைக் காப்பதில்லை. ஆகவே கருவை வாய்ச்சொல்லாகச் சொல்லித் திரியாமல், காட்சிகளையும் உரையாடல்களையும் எழுதி முடித்து, திகதி பதிவாகும்படி மின்னஞ்சலில் தமக்கே ஒரு பிரதியை அனுப்பிவிட்டு, நம்பிக்கையான நாலு பேருக்கு வாசிக்கக் கொடுப்பதே நல்லது. மீள்குடியேறிய தாயொருத்தி தன் காணியைத் தேடும் கதையை இங்கு பத்துப் பேர் எழுதினாலும் பத்தும் வேறுவேறாகவே அமையும். என்னுடையதும் அவற்றுள் ஒன்று; அதன் முடிவு பிழையென்று எனக்குச் சுட்டிக்காட்டியவர், முறிகண்டியில் கச்சான் விற்கும் அம்மா ஒருவர்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.