எஸ்.ஏ.டி.யா, ஏ.சி.டி.யா: இரண்டு சனிக்கிழமை போதும்

அன்புள்ள யாழினிக்கு,

அமெரிக்கக் கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வுகளைப் பற்றி "ரெண்டுல எதும்மா ஈஸி?" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும், அதனால் எழுதுகிறேன். இரண்டையும் ஏற்கும் கல்லூரி, இரண்டையும் சமமாகத்தான் பார்க்கும். ஆகவே எது ஈஸி என்று தேடாதே. உன் மார்க் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று பார். நேரம் போதாமல் போகிறதா, நேரம் இருந்தும் தப்பாகிறதா?

நொடிக் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். எஸ்.ஏ.டி.யில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதி 54 கேள்வி, 64 நிமிடம்; ஒரு கேள்விக்கு 71 நொடி. கணக்கு 44 கேள்வி, 70 நிமிடம். ஒன்றுக்கு 95 நொடி. 2025-ல் மாறிய புது ஏ.சி.டி.யில் ஆங்கிலம் 50 கேள்விக்கு 35 நிமிடம், அதாவது ஒன்றுக்கு 42 நொடிதான். கணக்கு 45 கேள்விக்கு 50 நிமிடம், வாசிப்பு 36 கேள்விக்கு 40 நிமிடம். இரண்டிலும் ஏறக்குறைய 67 நொடி. ஏ.சி.டி. கேள்வி பெரும்பாலும் நேராகக் கேட்கும், ஆனால் ஓட வேண்டும். எஸ்.ஏ.டி. மூச்சுவிட நேரம் தரும், ஆனால் கேள்வியில் முடிச்சு இருக்கும்.

வாசிப்பிலும் அப்படித்தான். எஸ்.ஏ.டி.யில் 25 முதல் 150 சொல் வரையிலான குட்டிப் பத்தி, அதற்கு ஒரே கேள்வி. 54 கேள்விக்கும் 54 முறை புதிதாக மனதைத் திருப்ப வேண்டும். ஏ.சி.டி.யில் நீளமான பத்தி, ஒவ்வொன்றுக்கும் பல கேள்வி. ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் சிலருக்கு அதுவே சுகம்.

எஸ்.ஏ.டி.யில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பகுதியும் இரண்டு மாட்யூலாக, அதாவது இரண்டு தொகுப்பாக வரும். முதலாவதில் நீ செய்வதைப் பொறுத்துத்தான் இரண்டாவது கடினமானதா, லேசானதா என்று முடிவாகும். லேசானது வந்துவிட்டால் அதில் எல்லாமே சரியாகப் போட்டாலும் உச்ச ஸ்கோர் கிடைக்காது. முதல் மாட்யூலில் அவசரத்தில் விடும் சில்லறைத் தப்பு அதனால்தான் விலை அதிகம். நேரம் மிஞ்சினால் உட்கார்ந்து சரிபார். அந்த மாட்யூல் மூடியபின் திரும்பிப் போக முடியாது. ஏ.சி.டி.யில் இந்தக் கிளை பிரியும் வேலையே இல்லை. இரண்டிலும் தப்புக்கு மைனஸ் கிடையாது, எதையும் காலியாக விடாதே.

இனி செய்ய வேண்டியது. ஒரு சனிக்கிழமை காலை எஸ்.ஏ.டி., அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் ஏ.சி.டி. நடுவில் எதற்கும் படிக்காதே. எஸ்.ஏ.டி.யை, அந்தத் தேர்வை நடத்துபவர்களின் புளூபுக் செயலியில்தான் எழுத வேண்டும். பிரின்ட் எடுத்த தாளில் மாட்யூல் மாறாது, அந்த ஸ்கோரை வைத்து ஒப்பிடக் கூடாது. ஏ.சி.டி.க்குப் பெரியம்மா வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய புத்தகம் வேண்டாம். அதில் கணக்கு 60 கேள்வி, ஐந்து விடைகள், இப்போது நான்குதான். பழையதில் வேகம் இன்னும் கடுமை, அதை எழுதிவிட்டு "ஏ.சி.டி. எனக்கு ஆகாது" என்று முடிவுகட்டினால் தப்பான முடிவாகிவிடும்.

எழுதி முடித்ததும் விடையைப் பார்க்காதே. சந்தேகமாக இருந்த கேள்விகளையும் விட்டுப்போனவற்றையும் கடிகாரம் இல்லாமல் வேறு நிறப் பேனாவில் மறுபடி போடு. பிறகு திருத்து. ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுது: தெரியாது, நேரமில்லை, தெரிந்தும் தப்பு. ஏ.சி.டி.யில் "நேரமில்லை" குவிந்து, இரண்டாவது பேனாவில் பெரும்பாலானவை சரியாக வந்திருந்தால் உனக்கு எஸ்.ஏ.டி. எஸ்.ஏ.டி.யில் நேரம் கொடுத்தும் அதே கேள்விகள் தப்பாகவே நின்று, ஏ.சி.டி.யைக் கடைசிக் கேள்வி வரை முடித்திருந்தால் ஏ.சி.டி. "தெரியாது" இரண்டிலும் சமமாக இருந்தால் அது பாடம் படிக்க வேண்டிய விஷயம், தேர்வை மாற்றித் தீராது.

ஸ்கோரை நேருக்கு நேர் வைக்க, இந்தத் தேர்வுகளை நடத்தும் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணை இருக்கிறது. ஏ.சி.டி. 30 என்றால் எஸ்.ஏ.டி. 1370, 32 என்றால் 1430, 34 என்றால் 1500. வித்தியாசம் 30, 40 புள்ளிக்குள் இருந்தால் அது அன்றைய தூக்கமாகக்கூட இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யாதே. பேனா நிறத்தைப் பார். அக்டோபரில் எழுதிய பி.எஸ்.ஏ.டி. (எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டத் தேர்வு) ஸ்கோரையும் பக்கத்தில் வை. அளவுகோல் அதேதான், ஆனால் 1520-க்கு மேல் போகாது.

கணக்கில் உனக்கு ஒரு சாதகம் இருக்கிறது. எஸ்.ஏ.டி. கணக்கு முழுக்க, வரைபடம் போடும் டெஸ்மாஸ் கால்குலேட்டர் திரையிலேயே கிடைக்கும், சூத்திரத் தாளும் உண்டு. இரண்டு சமன்பாடு எங்கே வெட்டுகிறது என்பதைப் படம் போட்டே எடுத்துவிடலாம். ஏ.சி.டி.யில் சூத்திரம் தரமாட்டார்கள்; மேட்ரிக்ஸ், லாகரிதம், டிரிக்னாமெட்ரி எல்லாம் கொஞ்சம் கூடுதலாக எட்டிப்பார்க்கும். கணினியில் எழுதினால் அங்கும் டெஸ்மாஸ் உண்டு, தாளில் எழுதினால் உன் கால்குலேட்டர்தான்.

ஏ.சி.டி.யில் அறிவியல் இப்போது விருப்பப் பகுதி: 40 கேள்வி, 40 நிமிடம். மொத்த ஸ்கோரில் சேராது. ஆனால் நீ இன்ஜினியரிங் என்கிறாய். கேட்கும் கல்லூரியும் இருக்கிறது, ஒருமுறையாவது சேர்த்து எழுது. மனப்பாடம் குறைவு, வரைபடமும் அட்டவணையும் படிப்பதுதான் வேலை.

உன் பட்டியலையும் பார். எம்.ஐ.டி., பர்டியூ பல்கலைக்கழகங்கள் இரண்டும் ஸ்கோர் கட்டாயம் கேட்கின்றன. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான யு.சி.யின் கல்லூரிகள் சேர்க்கைக்கு எந்த ஸ்கோரையும் பார்ப்பதே இல்லை. எம்.ஐ.டி. ஒரே தேர்வைப் பலமுறை எழுதினால் ஒவ்வொரு பகுதியிலும் சிறந்ததை எடுத்துக்கொள்ளும், எஸ்.ஏ.டி. கணக்கையும் ஏ.சி.டி. ஆங்கிலத்தையும் ஒட்டவைக்காது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விடச் சொல்வது இதற்காகவும்தான்.

இல்லினாய்ஸ் பள்ளிகளில் 2025 முதல் ஜூனியர்களுக்கு (பதினொன்றாம் வகுப்பு) ஸ்பிரிங்கில் ஏ.சி.டி.தான் நடக்கிறது, காசில்லாமல். நீ எஸ்.ஏ.டி.யைத் தேர்ந்தாலும் அதை எழுதத்தான் வேண்டும். அதற்கென்று இரண்டு வாரம் வேகப் பயிற்சி எடு, போதும். எஸ்.ஏ.டி. என்றால் மார்ச்சில் ஒருமுறை, குறைகளைச் சரிசெய்து ஆகஸ்டில் ஒருமுறை. மே மாதம் ஏ.பி. தேர்வுகளோடு (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி அளவுப் பாடத் தேர்வுகள்) மோதும், அதைத் தொடாதே. புளூபுக்கில் தேர்வுக்கு ஐந்து நாள் முன்பே செட்டப் செய்து அனுமதிச் சீட்டை எடுத்துவிடு, சார்ஜரையும் பையில் போடு.

இரண்டாவது சனிக்கிழமை இரவு, இரண்டு நிறப் பேனாவில் நீ குறித்த தாள்களைப் படம் எடுத்து அனுப்பு. ஸ்கோர் எவ்வளவு என்பதைப் பிறகு சொல்லலாம்.

அன்புடன்,
அம்மா